தேனீக்களுக்கு ஐந்து விடை

14 ஒக்டோபர் 1967, சனி. சுருவில்.

'அக்கா, நீங்கள் வாசிக்கவில்லை, பாடமாக்கி வைத்திருக்கிறீர்கள்.' இதை இன்று காலை நான் சொல்லவில்லை.

ஆங்கில ஆசிரியை வேலைக்கான சோதனை இன்று யாழ்ப்பாணத்தில். வயதுக் கட்டுப்பாட்டால் அக்காவுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. பஸ் வருமுன் பழைய சோதனைப் புத்தகத்தில் கலங்கரை விளக்கம் பற்றிய ஆங்கிலப் பந்தியை வாசிக்கச் சொன்னேன். கேள்விகள் என் கொப்பியில் இருந்தன. அவசரத்தில் பக்கம் மாறி, தேனீக்கள் பற்றிய பந்தியின் கேள்விகளைக் கேட்டுவிட்டேன். அக்கா கலங்கரை விளக்கத்தின்மேல் விரலை ஓட்டியபடியே தேனீக்களுக்கு ஐந்து விடையும் பிழையில்லாமல் சொன்னாள்.

குசினிக்குள் இருந்து அம்மா கேட்டா, "எல்லாம் சரியோ பிள்ளை?"

"ஓம் அம்மா. அஞ்சுக்கு அஞ்சு."

"பாரடி, இனி நான் இங்கிலீஷ் ரீச்சர்தான்," என்று அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்போடு போகட்டும் என்று விட்டேன். மூன்று மாதமாக அதே புத்தகத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டவள் நான்தானே.

பின்னேர பஸ்ஸில் வந்தாள். வாசல் படலையடியில் என்னிடம் மட்டும் சொன்னாள்: "தபால்காரனைப் பற்றி ஒரு புதுப் பந்தி வந்தது. ஒண்டும் விளங்கேல்லை. தேனீயின்ரை விடையளைத்தான் எழுதிப்போட்டு வந்தனான்."

அம்மா கேட்டபோது, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் படுத்தாள்.