ஜெராக்ஸ் கடையில் என் முதல் போர்டு

செப்டம்பர் 12, வெள்ளி.

நானே வரைந்த முதல் சர்க்யூட் போர்டை இன்று தயாரிக்க அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை.

அனுப்புமுன் அதை அசல் அளவில் தாளில் அச்செடுத்து, பாகங்களை மேலே வைத்துப் பார்க்க வேண்டும். சென்னை பாடியில் உள்ள ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

"இன்னா சார், தீப்பெட்டி சைசுல கீது. பெருசு பண்ணித் தரட்டா?"

"வேண்டாம். உள்ளபடியே போடுங்க."

அச்சான தாளில் வைத்ததும் மைக்ரோகன்ட்ரோலர் சிப்பின் கால்கள் கோட்டில் கச்சிதமாக உட்கார்ந்தன. "டிசைன் உங்களுக்கு வராது" என்று இருபது வருடம் என்னைப் பர்ச்சேஸ் பிரிவிலேயே வைத்திருந்த மேலாளர் சுந்தரத்தை நினைத்துக்கொண்டேன். யுஎஸ்பி சாக்கெட்டையும் வைத்தேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஓட்டை உள்பக்கம் பாத்துகினு கீதே. ஒயர எங்க சொருவுவே சார்?"

சாக்கெட்டின் வாய் சிப்பைப் பார்த்து இருந்தது. மூன்று மாதமாக என் கண்ணில் படவில்லை. கோபம் அவர் மீதுதான் வந்தது. நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தில் சாக்கெட்டைத் திருப்பிவிட்டேன். அதற்காக அதற்குப் போகும் நான்கு மின்தடங்களை மறுபடி வரைய வேண்டும், இரண்டு முடிந்தன. மீதியை முடித்துவிட்டுத்தான் படுக்கை. நாளை அதே கடையில் மறுபடி அச்சு.

போர்டு வந்ததும் சுந்தரத்தின் மேசையில் கொண்டுபோய் வைப்பதாக இருந்தேன். முதலில் ஜெராக்ஸ் கடையில் காட்ட வேண்டும். சுந்தரம் காத்திருக்கட்டும். நான் காத்திருக்கவில்லையா.