மஞ்சள் விளக்கு எரிந்த வாரம்

ஜூலை 14, திங்கள்

காலையிலேயே கடல் காற்று. வானம் மூடியிருக்கிறது, மழை இல்லை.

பள்ளிக்கூடம் போகும் வழியில், அடையாறு பாலத்தின் மேல், வண்டி இரண்டு தடவை குலுங்கி நின்றுவிட்டது. பின்னால் வரிசையாக ஹாரன். திரும்பக் கிளப்பியதும் ஓடியது. ஆனால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. சாயங்காலம் வரை அணையவில்லை.

இவரிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"கனவு கண்டுண்டே ஓட்டினா நிக்காம என்ன பண்ணும்? கிளட்சைச் சரியா விட்டிருக்க மாட்டே."

உண்மையில் அந்த நேரம் முகத்துவாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் முழுக்க வெள்ளித் தகடு. எட்டாம் வகுப்புக்கு வட்டத்தின் பரப்பளவை எப்படித் தொடங்கலாம் என்று யோசனை.

வாங்க: கொத்தமல்லி, சிவப்புப் பேனா 2, முட்டி வலித் தைலம்.

ஜூலை 15, செவ்வாய்

வேளச்சேரியிலிருந்து கார்த்திக் போன். அவன் அப்பா எல்லாம் சொல்லியாகிவிட்டது.

"ஆறு மாசமா வண்டி குலுங்கறதுன்னு நீயேதானேம்மா சொல்லிண்டிருக்கே? அறுபத்து நாலு வயசு. ரிஃப்ளெக்ஸ் குறையத்தான் குறையும். ஞாயித்துக்கிழமை வரேன், சாவியைக் குடுத்துடு. வித்துடலாம். ஆப்ல கூப்பிட்டா வாசல்லயே வண்டி வந்து நிக்கறது."

சரி என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து தானாக வந்தது. பிள்ளை பயந்துதான் சொல்கிறான், அதனால் கோபப்படவும் முடியவில்லை.

ஆட்டோவில் பள்ளி. டிரைவர் வழியெல்லாம் பேசினார். காரில் போகும் அந்த இருபத்தைந்து நிமிடம் என்னை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. வேறெங்கே கிடைக்கும் அது?

ஆசிரியர் அறையில் மேசைக்கு அடியில் வலது காலை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்திப் பார்த்தேன். நடுங்குகிறதா? தெரியவில்லை.

ஜூலை 17, வியாழன்

பள்ளி அரை நாள். விற்பதானாலும் பழுது பார்த்துத்தானே விற்க வேண்டும் என்ற சாக்கில் ராயப்பேட்டை. மெக்கானிக் தேவராஜ். ஸ்டியரிங்குக்குக் கீழே எதையோ செருகி, செல்போனில் பார்த்தார்.

"ஆக்சிஜன் சென்சார்னு காட்டுதுமா. புகை போற குழாய்ல கீது அது. புகைல ஆக்சிஜன் எவ்ளோ மிச்சம் கீதுன்னு பாத்துச் சொல்லும். அத வெச்சுத்தான் வண்டி பெட்ரோலக் கூட்டிக் கொறைக்கும்."

"அப்போ அதை மாத்திடலாமா?"

"அவசரப்படாதீங்கமா. குழாய்ல ஓட்டை இருந்தாலும் இதே மாதிரிதான் காட்டும். ஒயர எலி கடிச்சிருந்தாலும் இதான்."

குழாய் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர். குமிழி வரவில்லை. ஒயர் முழுசாக இருந்தது. பிறகு என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார்.

"ஆக்சிலேட்டர மிதிங்க. எஞ்சின் சுத்துற முள்ளு ரெண்டாயிரத்தி ஐந்நூறுல நிக்கணும். நான் சொல்ற வரைக்கும் ஆட்டாதீங்க."

போனை டேஷ்போர்டில் சாய்த்து வைத்தார். திரையில் ஒரு பச்சைக் கோடு. சென்சார் நன்றாக இருந்தால் அது விடாமல் மேலும் கீழும் குதிக்குமாம். இது காற்றில்லாத மத்தியானக் குளம் மாதிரி கிடந்தது. பானெட்டைத் திறந்து, காற்று போகும் வழியில் கொஞ்சம் கேஸ் விட்டார்; கோடு சட்டென்று எழ வேண்டுமாம். கோடு மெல்ல, மிக மெல்ல எழுந்தது. ஏன் எழுந்தோம் என்று யோசிப்பதுபோல் அங்கேயே நின்றது. அப்புறம் சாய்ந்தது.

"பாருங்க, தூங்கிக்கினு கீது."

அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நான் எங்கோ போய்விட்டேன். எங்கே என்று இப்போது கேட்டால் தெரியாது.

"அம்மா! போதும்மா, காலை எடுங்க." அப்புறம் சிரித்தார். "ரெண்டு நிமிசத்துக்கு மேல ஆச்சு. முள்ளு இத்தனூண்டு அசையல. எனக்கே அப்படி வராது."

"ஆறு மாசமா குலுங்கறது இதனாலதானா? என் காலால இல்லையே?"

"உங்க காலா? சென்சார் செத்துக்கினு கீதுமா. வண்டி குத்துமதிப்பா பெட்ரோல் ஊத்துது. யார் ஓட்னாலும் குலுங்கும்."

கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். கொஞ்ச நேரம் துடைத்தேன்.

ஜூலை 19, சனி

புது சென்சார் போட்டாயிற்று. பச்சைக் கோடு துள்ளுகிறது. விளக்கு இல்லை. தனியாக அடையாறு வரை போய்த் திரும்பினேன், போதாமல் இன்னொரு தடவையும். குலுங்கவில்லை.

இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்தார். "அப்படியா? நானும் பெட்ரோல்லதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

நினைத்தாராம்!

துவைத்த துணி எடுக்கவில்லை. நாளைக்குக் கட்டாயம்.

ஜூலை 20, ஞாயிறு

வெயில். கார்த்திக் பதினோரு மணிக்கு வந்தான். சாப்பிட்டான், மோர்க்குழம்பு இரண்டு தடவை. கை கழுவிக்கொண்டு வந்து, "சாவி எங்கேம்மா?"

"என்கிட்டதான் இருக்கு. சென்சார் போயிருந்தது, மாத்தியாச்சு. ஏறு, உன்னை உங்க ஆத்து வாசல்ல கொண்டு விடறேன்."

"அம்மா, நாம பேசி முடிச்சோமே..."

"ஏறுடா."

பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டான். மந்தைவெளி வரை என் காலையே பார்த்துக்கொண்டு வந்தான். கிரீன்வேஸ் சாலையில் ஆபீஸ் கதை ஏதோ ஆரம்பித்தான். அடையாறு சிக்னலில் பேச்சு நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கியிருந்தான்.

வேளச்சேரிக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. நேராகத் திருவான்மியூர் வரைக்கும் ஓட்டினேன், ஒவ்வொரு கியருக்கும் அவன் தலை அசையாதபடி.