எங்கள் வீட்டில் இனியும் நண்டு இல்லை

இன்று கோழிக்கறி கொதிக்கும்போது உப்புப் போத்தலை எடுத்த கை அந்தரத்தில் நின்றுவிட்டது. நீங்கள் போய் நாலு மாதமாகிறது, சம்பந்தி. இன்னமும் என் கையைப் பிடிக்க உங்களால் முடிகிறது.

நீங்கள் இருந்திருந்தாலும் இந்த மடலை வாசித்திருக்க மாட்டீர்கள். உங்களுக்குத் தமிழ் வராது. நோர்வேஜிய மொழியில் உங்களோடு கதைத்துச் சமாளித்தேன்; மூன்று வரிக்கு மேல் எழுத வராது. அந்த மூன்று வரியும் வேலையிடத்துக்கு எழுதும் சுகவீன விடுப்புக் கடிதம்.

என் மகன் உங்கள் மகளைக் கட்டிய புதிதில் ஹொல்ம்லியாவில் எங்கள் வீட்டுக்கு முதல்முறை விருந்துக்கு வந்தீர்கள். இறால், கணவாய், ஆட்டிறைச்சி என்று மேசையை நிரப்பியிருந்தேன். நீங்கள் கைப்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, அவித்த முட்டையும் கரட்டும் சாப்பிட்டீர்கள். நீங்கள் யூதர் என்று தெரியும். கோஷர் என்ற உங்கள் சமயச் சாப்பாட்டு முறையை மட்டும் ஏதோ வருத்தக்காரரின் பத்தியம் என்று நினைத்திருந்தேன்.

"என்ரை வீட்டிலை வந்து கட்டுச்சோறு சாப்பிடுறதோ?" என்று அன்று முழுக்க மனைவியிடம் பொருமினேன். அடுத்த கிழமையே ரயிலேறி உங்கள் வீட்டு வாசலில் நின்றேன். "என்ன செய்தால் என்ரை வீட்டிலை சாப்பிடுவீங்கள்?"

பன்றி ஆகாது, செதிலும் செட்டையும் இல்லாத மீன், இறால், நண்டு ஆகாது, இறைச்சியும் பாலும் ஒரு சட்டியிலும் ஒரு சாப்பாட்டிலும் சேரக் கூடாது என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் மரக்கறிச் சட்டி வேறு, மச்சச் சட்டி வேறு. மீன் கிண்டிய அகப்பையை வெள்ளிக்கிழமைப் பருப்புக்குள் விட்டால் மனைவி என்னை வீட்டைவிட்டே கலைப்பாள். இதைச் சொன்னதும் நீங்களும் சிரித்தீர்கள். "அப்ப பாதித் தூரம் வந்திட்டீங்கள்."

மிச்சப் பாதியில்தான் நான் விழுந்தெழும்பினேன். புதுச் சட்டிகள், புதுக் கத்திகள் வாங்கினேன். வெளிநாட்டிலிருந்து உறைந்து வரும் உங்கள் கோழியையும் தேடிப் பிடித்தேன். உப்பிட்டு இரத்தம் வடித்த பிறகுதான் அது கடைக்கே வரும் என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வழக்கமான உப்பைப் போட்டேன். கடல்தண்ணீர்! நீங்கள் நாலு கிளாஸ் தண்ணீர் குடித்தீர்கள். பதறிப்போய், பிழைக்குப் பரிகாரமாக, விருந்தாளிக்குச் செய்யும் மரியாதையென்று பால் தேத்தண்ணியை நீட்டினேன். இறைச்சி தின்ற வாய்க்குப் பால்!

"என்னைக் கொல்லுறதெண்டே நிக்கிறீங்கள்" என்றீர்கள். பிறகு தட்டை என் பக்கம் தள்ளினீர்கள். "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ. உப்பு அடங்கும்."

அன்றைக்குத்தான் நீங்கள் முதன்முதலாக என் வீட்டில் சாப்பிட்டீர்கள்.

அதன் பிறகு இது எனக்கு வில்லங்கமாகவே இருக்கவில்லை. தேங்காய்ப்பால் விட்ட கோழிக்கறி, சால்மன் குழம்பு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல். ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிடும். பேரப்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் உறைப்பைக் குறைத்தால் சரி.

போன ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி ஒரு பை நண்டோடு வந்து வாசலில் நின்றான்.

"அத்தான், உங்கடை சம்பந்தி மனுசி போய்ச் சேந்திட்டா. இனி ஆருக்குப் பயந்து இந்தப் பத்தியம்?"

"பயமோ? சமைக்கிறவன் நான். நண்டு வெளியிலை இருக்கட்டும், நீ உள்ளுக்கு வா."

"உங்களுக்கு விசர். நீங்கள் யூதரோ, சைவமோ?"

"வெள்ளிக்கிழமையிலை சைவம். மற்ற நாளிலை உன்ரை அத்தான். இருந்து சாப்பிடு."

திட்டித் திட்டி இரண்டு தட்டுச் சாப்பிட்டான். மருமகளுக்கு அடங்கின மாமன் என்று எங்கள் ஆட்களும் கூடுகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒழுங்காகப் படித்த பாடம் இது ஒன்றுதான். இதையும் விட்டுவிடு என்றால் விடுவேனா?

எங்கள் பேத்திக்கு ஏழு வயதாகிவிட்டது. தன் வீட்டை விட்டு எங்கே போனாலும், பள்ளிக்கூடத்திலும் கூட்டாளிகளின் பிறந்தநாளிலும், தட்டு வந்ததும் முதலில் "இதுக்குள்ளை என்ன இருக்கு?" என்று கேட்பாள். மற்றப் பிள்ளைகள் தின்னத் தொடங்கியிருப்பார்கள்; இவள் பதிலுக்குக் காத்திருப்பாள். என் வீட்டில் அவள் கேட்பதில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து இருப்பாள், சோற்றைப் பிசைவாள், வாயில் வைப்பாள். நான் உயிரோடிருக்கும்வரை, சம்பந்தி, இந்த மேசையில் அவள் அதைக் கேட்கத் தேவையில்லை.