திருகோணமலைப் படமும் அப்பாவின் இலையும்

ஆடி, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. விறகெல்லாம் ஈரம். புகை வந்தது, தீ வரவில்லை.

தர்ஷினி வந்துவிட்டாள். மகன் வழிப் பேத்தி. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, ஒரே நீளக் கூரைக்கு அடியில் குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று இருக்கும் இந்த வரிசை வீடுகளிலிருந்து, கம்பஸ் படிக்கப் போன முதல் பிள்ளை. இதை எத்தனை தரம் எழுதினாலும் எனக்குக் கை வலிக்காது. கடைசி வருசத்துக்கு ஏதோ பெரிய கட்டுரையாம். அதற்காகப் பழைய படங்கள் கொண்டு வந்திருக்கிறாள். யுத்த காலத்தில் திருகோணமலை நேவிக்காரர்களின் இடத்தை ஏரோப்பிளேனிலிருந்து எடுத்தவை. ஜப்பான்காரன் குண்டு போடுவதற்கு முன் எடுத்தது ஒரு கட்டு, பின்னால் எடுத்தது ஒரு கட்டு.

"அப்பாயி, தொடாதீங்க. ஈரக் கையி."

தொடவில்லை. ஆனால் அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தேன். அப்பா போன இடம் அது.

திங்கள்

மழை விட்டு விட்டு. முழங்கால் வலி.

அப்பா விசயம்: தோட்டத்தில் நேவி வேலைக்கு ஆள் எடுத்தபோது போனவர். நான் அம்மா வயிற்றில். அண்ணன் சின்னப் பையன். பிறகு ஒரு சேதியும் இல்லை. அம்மா பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை, அப்படியே போய்ச் சேர்ந்தாள். குண்டில் செத்தார் என்பேன் நான். அண்ணன் ஒத்துக்கொண்டதே இல்லை. "அங்க ஒருத்தியோட குடும்பம் நடத்தியிருப்பாரு. ஓடிப்போனவருக்கு எல எதுக்கு?" ஆடி அமாவாசைக்கு அம்மாவுக்கு மட்டும்தான் இலை போட்டுப் படைப்பார். மூத்த மகன். அவர் போடாமல் நான் போட முடியாது.

அமாவாசை இந்த வியாழன்.

சாயந்தரம் தர்ஷினி பார்க்க விட்டாள். கால் வைத்த சின்னக் கண்ணாடி, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு வில்லை. அதற்குக் கீழே, குண்டுக்கு முன் அடுத்தடுத்து எடுத்த ஒரே இடத்தின் இரண்டு படங்கள். குனிந்து பார்த்தால் கூரையெல்லாம் எழுந்து நிற்கிறது! தலை சுற்றியது. கரையோரமாக நீள நீளக் கூரைகள், வரிசையாக.

"இது லயம்டி!"

"லயமா?"

"பொறந்ததுலருந்து லயத்துல கெடக்கேன். எனக்குத் தெரியாதா?"

அவளும் லயத்தில் பிறந்தவள்தானே. திரும்பக் குனிந்தாள். "அப்பிடித்தான் இருக்கு அப்பாயி." பிறகு குண்டுக்குப் பின் எடுத்ததை வைத்தாள். அந்த இடத்தில் கூரை இல்லை. கரிய குழிகள்.



செவ்வாய்

அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். மேட்டு லயத்திலிருந்து குடையும் தடியுமாக இறங்கி வந்தார். வரும்போதே நக்கல். "என்னா பாக்கியம், ஒங்கப்பன் ஏரோப்பிளேனப் பாத்துக் கையக் காட்டுறாரா?"

கண்ணாடியில் குனிந்தவர் எழவேயில்லை. நக்கல் எங்கே போனதோ. குழி விழுந்த படத்தையும் பார்த்தார்.

"எந்தக் காம்பரா?" என்றார், சின்னக் குரலில்.

யாருக்குத் தெரியும்.

"செத்த மனுசனையா இத்தன காலமும் வஞ்சுக்கிட்டு இருந்தேன்."

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்: "வியாழக்கெழம ரெண்டு எல."

எனக்குக் கால் தரையில் இல்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் சொன்னேன், கோயிலில் சொன்னேன், முஸ்லிம் நானாவின் கடையில் சாமான் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். அப்பா இருந்த லயம் படத்தில் இருக்கிறது, என் பேத்தி கண்டுபிடித்தாள்.

புதன்

கரண்ட் இல்லை. தர்ஷினி சோறு தின்னவில்லை. லயம் என்று குறித்துப் படத்தை கம்பஸில் படிப்பிக்கும் சேருக்கு ஃபோனில் அனுப்பியிருந்தாளாம். பதில் வந்திருக்கிறது.

"அப்பாயி, அது லயம் இல்ல."

"ஒங்க சேரு லயத்துல இருந்தவரா?"

"இல்ல. ஆனா நீங்களே பாருங்க. கதவுக்கு நேரா ரயில் ரோட்டு போவுது. சாமான் ஏத்தி எறக்குற ஸ்டோரு. லயம்னா பீலிக்கு ஒரு தடமாவது விழுந்திருக்கணும்ல? ஒண்ணுமே இல்ல. நானும் கூரைய மட்டும்தான் பாத்தேன்."

"அப்ப வேலையாளுங்க எங்க இருந்தாங்க?"

"தெரியல அப்பாயி. இந்தப் படத்துக்குள்ள இல்ல போல."

நீளக் கூரை என்றால் எங்களுக்கு லயம்தான். வேறு என்ன கண்டோம்.

"மேட்டு லயத்துத் தாத்தாகிட்ட நான் சொல்லிர்றேன்."

"நீ வாயத் தொறக்காத!"

ரொம்பக் கத்திவிட்டேன். உள்ளே அழுகிறாள்.

சொல்லாமல் விட்டால்? அண்ணனுக்கு நிம்மதி. அப்பாவுக்கு இலை. ஊரில் என் பேச்சும் நிற்கும். வாழை இலை, வெற்றிலை, புது வேட்டி எல்லாம் கொட்டகலை டவுனில் வாங்கிவிட்டாராம், மருமகள் சொல்கிறாள். ஆனால் எந்தக் காம்பரா என்று கேட்டாரே. மூட்டை அடுக்கிய கட்டடத்தைப் பார்த்து.

பிரசர் குளிசை போட்டேன்.

வியாழன், அமாவாசை

மழை இல்லை. மூடுபனி. மேட்டு லயத்துக்கு ஏறும்போது பாதியிலேயே திரும்பிவிடப் பார்த்தேன்.

அண்ணன் குளித்துப் புது வேட்டியில். அம்மா படத்துக்கு முன்னால் இரண்டு இலை. இன்னும் ஒன்றும் பரிமாறவில்லை.

நின்றபடியே சொன்னேன். லயம் இல்லண்ணே, ஸ்டோர். அப்பா அங்கே இருந்தாரா, செத்தாரா, படத்தில் ஒன்றும் தெரியாது. அவசரப்பட்டது நான், பிள்ளையைத் திட்டாதீங்க.

நிமிரவில்லை. இரண்டாவது இலைமேல் கையை வைத்தார். சுருட்டப் போகிறார் என்றே நினைத்தேன்.

"ஓடிப்போனாருன்னு அதுல இருக்கா?"

"இல்லண்ணே."

"ஒருத்தியோட நிக்கிறாரா?"

"என்னண்ணே பேச்சு இது."

"அப்ப எனக்கும்தான் தெரியாது." தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தார். "வாங்குன வெத்தலயக் கடக்காரரு திருப்பி எடுப்பாரா? ஒக்காரு."

சோறு வைத்தோம், பருப்பு, வாழைக்காய். போனவர்களுக்குப் பிடித்தது ஒன்று வைக்க வேண்டும். அம்மாவுக்கு எப்போதும் அவித்த மரவள்ளி. அப்பாவுக்கு? நான் முகத்தையே பார்த்ததில்லை. அண்ணனைப் பார்த்தேன். அப்பாவைப் பற்றி வசவைத் தவிர ஒரு வார்த்தை சொல்லாத மனுசர்.

"ரொட்டி தட்டு," என்றார். "தேத்தண்ணில முக்கித்தான் திம்பாரு. எனக்கும் ஒரு துண்டு முக்கித் தருவாரு."

மா பிசைந்தேன். தண்ணீர் கூடிப்போனது. மறுபடி மா போட்டேன்.