ஜன்னலா, மேஜையா

எருசலேம்,
கிஸ்லேவ் மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மோரியாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தம்பி நதாவ், நான் மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். படிக்கப் போன அந்நிய தேசத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு அடக்கமாக உடுத்தி நலமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஹனுக்கா விளக்குத் திருநாள் வரப்போகிறதே, சந்தில் எல்லார் வாசலிலும் விளக்கு வைக்கும் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்து மாட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நம் பெட்டிக்குக் கொக்கி உடைந்து ஒரு வருஷமாகிறது, அப்பா இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துவிட்டு இப்போது கம்பியால் முறுக்கி வைத்திருக்கிறார், கேட்டால் ‘இது கொக்கியா கம்பியான்னு காத்துக்குத் தெரியவா போகுது’ என்கிறார். நதாவ் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு போனோடு படுத்திருக்கிறான்.

வியாழக்கிழமை போனில் உன்னிடம் கத்திவிட்டேன், நீயும் கத்தினாய், பிறகு யார் முதலில் வைத்தோம் என்றுகூடத் தெரியவில்லை. எழுதினால் குரல் உயராது என்றுதான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு யாஃபாவின் அக்கா மகன் செவ்வாயன்று உன் ஊர் வழியாகப் போகிறான், நீ கேட்ட பொட்டலத்தோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். நீ சொன்ன விஷயத்தைவிட அதைச் சொன்ன விதம்தான் என்னைக் கலக்கியது. தபால் பெட்டியில் உன் பெயர்மேல் யாரோ ஆணியால் கீறி, யூதர்களே வெளியே போங்கள் என்று எழுதிவிட்டுப் போனதை, வாசலில் பூனை வந்து போனது மாதிரி சொன்னாய். அதே மூச்சில், இந்த ஹனுக்காவுக்கு விளக்கைத் தெருப்பக்க ஜன்னலில் ஏற்றப்போகிறேன், அந்தப் பெரிய பித்தளை விளக்கை அனுப்பு என்றாய். தரைத்தள வீடு மோரியா, நடைபாதையில் போகிறவன் கை நீட்டினால் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் நீ மட்டும். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை, கடையில் மாவு வாங்கப் போய் உப்பு வாங்கி வந்தேன்.

போகிறவர் வருகிறவர் கண்ணில் படத்தான் வாசலிலும் ஜன்னலிலும் ஏற்ற வேண்டும் என்று நம் வேதம் படித்த பெரியவர்கள் சொன்னார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆபத்துக் காலத்தில் மேஜைமேல் வைத்தாலே போதும் என்றும் அதே பெரியவர்கள்தான் எழுதிவைத்திருக்கிறார்கள், அதை ஏற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதைத்தான் போனில் சொன்னேன். நீ ‘மேஜையில வெச்சா யாரும்மா பாப்பா, நானும் என் நூடுல்ஸும்தான்’ என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் தோற்றுவிடுவேன் என்று அடக்கிக்கொண்டேன். வம்பு என்னவென்றால், பொட்டலம் கட்டும்போது பித்தளை விளக்கை நான் எடுக்கவே இல்லை. உள்ளங்கை அகலத் தகர விளக்கு ஒன்று இருக்கிறதே, அதைத்தான் காலுறைக்குள் சுற்றி வைத்தேன். ஜன்னலில் வைத்தாலும் அது விளிம்புக்கு மேலே தெரியாது, அந்தக் கணக்கோடுதான் வைத்தேன். யாஃபா பொட்டலத்தை வாங்க வந்தவள் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, ‘ஏண்டி நூரித், பொண்ணு விளக்கு கேட்டாளா, சோப்புப் பெட்டி கேட்டாளா’ என்றாள். அழாக்குறையாக எல்லாவற்றையும் கொட்டினேன், என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். ‘மருமவளா இருந்தா அதட்டி மேஜையில வைக்கச் சொல்லலாம், பெத்த பொண்ணு எங்க கேக்கப்போறா’ என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தை அப்படியே விட்டுவிட்டு, நான் பொரித்து வைத்திருந்த உருளைக்கிழங்கு அடையில் இரண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாப்பாட்டின்போது அப்பாவிடம், நீங்களாவது அவளுக்குப் போன் செய்து கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள் என்றேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, ‘அந்தச் சட்டம் ஆபத்துல இருக்கிறவளுக்கு நூரித், இருக்காளோன்னு தவிக்கிற அம்மாவுக்கு இல்ல. ஆபத்தா இல்லையான்னு அங்க நிக்கிறவதானே சொல்லணும்’ என்றார். உங்களுக்குப் பயமே இல்லையா என்று கேட்டேன். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாரே தவிர ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, பாத்திரம் கழுவும்போதுதான் பார்த்தேன். இந்த விளக்கு எரியும் அரை மணி நேரமும் நம் வீட்டுப் பெண்கள் கையில் வேலை எடுப்பதில்லை அல்லவா, மற்ற நாளெல்லாம் துணி மடிப்பதிலும் கீரை ஆய்வதிலும் என் கவலையை ஒளித்துவைத்துவிடுவேன். இந்த வருஷம் எட்டு நாளும் அது என் எதிரே நாற்காலி போட்டு உட்காரும். உட்காரட்டும். அதை எழுப்பிவிடுவது உன் வேலையில்லை என்று நேற்றுதான் எனக்குப் புரிந்தது.

பொட்டலத்தைப் பிரித்துப் பித்தளை விளக்கை வைத்துக் கட்டிவிட்டேன். சம்மதித்துவிட்டேன் என்று நினைக்காதே, எனக்கு இன்னும் மேஜைதான் சரி. ஆனால் அங்கே நிற்பவள் நீ. வீட்டுக்காரம்மாவிடம் அந்தக் கீறலைக் காட்டு, போலீசிலும் சொல்லிவை. முதல் நாள் தனியாக ஏற்றாதே, அந்த அம்மாவையோ உன்னோடு படிக்கும் பெண்களையோ கூப்பிடு. ஒன்றை மட்டும் செய்யாதே. ஜன்னலில் வைத்துவிட்டு, என் நிம்மதிக்காக மேஜையில் வைத்தேன் என்று பொய் சொல்லாதே. எங்கே வைத்தாலும் நான் பயப்படத்தான் போகிறேன். நீ உண்மையில் எங்கே உட்கார்ந்திருக்கிறாயோ அந்த இடத்தை நினைத்துப் பயப்பட வேண்டும், அந்த உரிமையையாவது எனக்கு விட்டுவை.

நம் குலத்தாய்கள் சாராள், ரெபேக்காள், ராகேல், லேயாளைப் போல உன்னை ஆண்டவர் ஆக்குவாராக. உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக. அப்பா எதுவும் எழுத மாட்டாராம், முத்தம் மட்டும் சொல்லச் சொன்னார். நீ அனுப்பிய படத்தில் தெருப்பக்க ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் திரை ஒன்று தொங்குகிறது. சட்டென்று பற்றிக்கொள்ளும் துணி அது. விளக்கு ஏற்றுவதற்கு முன்பே மறக்காமல் கழற்றி மடித்து வைத்துவிடு.

உன் அம்மா,
நூரித்