உப்புநீர் வரிசை

“தெரிஞ்சிகினேதான் சிரிச்சியா, வாத்யாரே?” என்று நீ ஒருமுறை கேட்டாய். நேற்று என் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘லிப்போபுரோட்டீன்’ என்ற சொல்லைப் பார்த்ததும் அந்தக் கேள்வி திரும்ப வந்தது. நீ இறந்துபோய் இரண்டு வருடமாகிறது.

திருமழிசைப் பக்கம் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் நீ முயல்களைப் பார்த்துக்கொண்டாய். நான் கோவில்பதாகையில் உன் எதிர்வீட்டு அறிவியல் வாத்தியார். செத்த கிருமி எப்படிக் கொல்லும் என்று நீ கேட்டபோது ஆவடி லோக்கல் ரயிலை உதாரணம் சொன்னேன். நெரிசலில் ஒருவன் “நெருப்பு!” என்று கத்துகிறான். நெருப்பே இல்லை, ஓடுகிறவர்கள் மிதித்தே பத்துப் பேர் சாகிறார்கள். கிருமியின் உடைந்த ஓடுதான் அந்தக் கத்தல், எண்டோடாக்சின் என்பார்கள். மிதிப்பது நம் உடம்பேதான். ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து திரியும் லிப்போபுரோட்டீன், கத்துகிறவன் வாயைப் பொத்துகிற ஆள். அதை முன்கூட்டியே ஏற்றிவைத்தால் முயல் பிழைக்குமா என்பதுதான் உங்கள் கூடத்துச் சோதனை.

ஒரு வரிசைக்கு அதை ஏற்றுவீர்கள், மற்ற வரிசைக்கு வெறும் உப்புநீர். பிறகு இரண்டுக்கும் அந்தக் கிருமி ஓட்டின் விஷம்.

“உப்புத்தண்ணி வரிசை கொயந்த மாரி கத்துது வாத்யாரே. கம்பியில மோதி மோதி மூஞ்சி கியிஞ்சிடுது.”

தாங்க முடியாமல் ஒருநாள், யாரும் பார்க்காதபோது, இரண்டு வரிசைக்கும் லிப்போபுரோட்டீனையே ஏற்றிவிட்டாய். மாலையில் சைக்கிளை விட்டு இறங்காமலே கூவினாய்: “ஒன்னுகூட சாவல! விஷமே டூப்ளிகேட்டானு டாக்டரம்மா முய்ச்சிகினு கீது!”

ஒப்பிட ஒரு வரிசை இல்லாவிட்டால் மற்றது பிழைத்ததற்கு அர்த்தமே இல்லை. முப்பது வருடம் வகுப்பில் இதைச் சொன்னவன் நான். ஆனாலும் உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. சிரித்தேன். “பலே” என்றேன்.

விஷம் வீரியம் இழந்துவிட்டதாக நினைத்த, சோதனையை நடத்திய அந்த டாக்டரம்மா, அளவைப் பல மடங்கு ஏற்றி, இன்னும் அதிக முயல்களோடு மறுபடி தொடங்கினார். அந்த அளவுக்கு எந்தக் காப்பும் தாங்கவில்லை. இரண்டு வரிசையும் துடித்துச் செத்தன. கூண்டெல்லாம் ரத்தக் கழிச்சல். சாகாமல் இழுத்துக்கொண்டிருந்த ஒன்றை நீயே கழுத்தை முறித்து முடித்தாய். அந்த ரத்தம் காயாத சட்டையோடு என் வாசலில் நின்றுதான், தெரிஞ்சிகினேதான் சிரிச்சியா என்று கேட்டாய்.

“தெரியும்” என்றேன்.

ஓங்கி அறைந்தாய். உதடு கிழிந்தது. “படிச்ச ஆளு நீ! ஒரு வார்த்த சொல்லியிருந்தா காலீலயே போயி அந்தம்மா கால்ல வுயுந்திருப்பேனே!”

மறுநாள், வேலை போனாலும் போகட்டும் என்று, உண்மையைச் சொல்லிவிட்டாய். அந்த அம்மா சில நாள் உன் முகம் பார்க்கவில்லை. பிறகு பழைய அளவிலேயே, உன்னையே கூட வைத்துக்கொண்டு சோதனையைத் திரும்பச் செய்தார். உப்புநீர் வரிசை கத்திக் கத்திச் செத்தது. மற்ற வரிசையில் பெரும்பாலானவை மறுநாள் புல் தின்றன. “கண்ண மூடாம பாத்தேன். அதுங்க சாவு வீணாப் போவக்கூடாதில்ல?” என்றாய்.

நீ கொடுத்த அறையை இன்னும் கன்னத்தில் வைத்திருக்கிறேன். எதிரில் இருப்பவர் முகம் வாடும் என்று தெரிந்தாலும், தெரிந்ததை இப்போது விழுங்குவதில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேலை: ஏதோ ஒரு மருந்து எல்லாரையும் பிழைக்கவைத்தது என்று அடுத்த முறை யாராவது சொன்னால், அந்த மருந்து போடாதவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.