சினைப்பட்ட மண்கட்டி

பதுளை
2.6.2025

அன்பு மகள் நிஷாந்தினிக்கு,

நீ ஜெர்மனியிலிருந்து அனுப்பிய மண்கட்டியை அழகர் பூசாரி உடைத்துவிட்டார். சம்மதத்தோடுதான், சம்மதம் உன் அம்மாவுடையது.

பார்சலில் ஒரு துண்டுக் காகிதமில்லை. சவர்க்காரக் கட்டி அளவு மண், மேலெல்லாம் கோழி கிண்டின மாதிரி கீறல். கடைக்கு வந்த சனமெல்லாம் "முதலாளி, இது செய்வினை" என்றார்கள். அம்மா மடுல்சீமைக்கு வேன் அனுப்பிப் பூசாரியைக் கூப்பிட்டாள். அவர் எலுமிச்சம்பழம் வெட்டி, சுத்தியலால் ஒரு போடு போட்டார். உள்ளே அதே மாதிரி குட்டியாக இன்னொன்று! "ஐயோ, சினைப்பட்ட சூனியம்!" என்று மனுசன் ஓடியே போனார். செருப்பு இங்கே கிடக்கிறது.

குட்டி என் மேசை லாச்சியில் இருக்கிறது. என்ன இது? கடிதமாகவே எழுது. போனில் சொன்னால் அம்மா ஸ்பீக்கரில் போடுவாள்.

ஆவணியில் உனக்கும் ரஜீவுக்கும் கல்யாணம் என்று அவன் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தாச்சு. மண்டபம் பார்க்கிறார்கள்.

அப்பா
புவனேந்திரன்

லைப்சிக்
20.6.2025

என் அப்பாவுக்கு,

பூசாரிக்கு நன்றி சொல்லுங்க. அதை உடைத்துத்தான் படிக்கணும். வெளியே உறை, உள்ளே கடிதம், ரெண்டும் மண். நான் படிக்கிற அக்காடிய மொழி, ஈராக் பக்கத்துப் பழைய பாஷை. ஆப்பு ஆப்பாக இருக்கும் அந்த எழுத்தை நாணல் குச்சியால் நானே குத்தினேன். நாலாயிரம் வருசத்துக்கு முந்தி உங்களைப் போன்ற வியாபாரிகள் இப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். அவர்கள் கழுதையில் துணி ஏற்றிக்கொண்டு தூரதேசம் போவார்கள். மனைவிமார் வீட்டிலிருந்து திட்டி எழுதுவார்கள்.

உங்கள் லாச்சியில் இருப்பது, அவர்கள் கடிதம் தொடங்குகிற மாதிரியே, இதுதான்: "என் அப்பாவிடம் சொல். நிஷாந்தினி சொல்வது: ரஜீவைக் கட்ட மாட்டேன். இன்னும் நாலு வருசம் இங்கே ஆராய்ச்சி செய்யப்போகிறேன்."

தமிழில் எழுதத் தைரியம் வரவில்லைப்பா. இப்படியென்றால் சொன்ன மாதிரியும் இருக்கும், உங்களுக்கு விளங்காமலும் இருக்கும் என்று நினைத்தேன். கோபமா?

நிஷா

பதுளை
11.7.2025

மகளுக்கு,

கோபம்தான். ஒரு நேரம் சாப்பிடவில்லை. பேச ஆளில்லாத பாஷைக்கு நாலு வருசமா? ஆனால் நான் தேயிலைத் தோட்டத்து லயத்தைவிட்டு லீக்ஸ் மூட்டையோடு சந்தைக்கு வந்தபோது, என் வியாபாரத்தையும் யாரும் வியாபாரம் என்று சொல்லவில்லை.

வாக்கை நானாக மீற முடியாது. அதனால் பண்டாரவளைக்குப் போய், குட்டியை ரஜீவ் வீட்டு மேசையில் வைத்தேன். மகள் பேரில் வந்தது, பூசாரி செருப்பை விட்டுவிட்டு ஓடினார் என்றேன். ஒரு சொல் பொய்யில்லை. ரஜீவ் அம்மா என் தேத்தண்ணியைப் பாதியிலேயே வாங்கிக்கொண்டு போய்விட்டார். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள்.

நீ கேட்டது நாலு. நான் மூன்று என்பேன், நீ மூன்றரை என்பாய், மூன்றரையாகவே வைத்துக்கொள். பொங்கலுக்குப் பொங்கல் வீட்டில் நிற்க வேண்டும். அம்மாவிடம் நீயேதான் சொல்ல வேண்டும்.

அப்பா